கரண்ட் வைப்பதற்கு முன்னால் பல்லைக் காட்டிவிடுங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பல் டாக்டர் பதில்

கேன்சர் சிகிச்சைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கரண்ட் வைப்பது என்று நம் பக்கம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையைத்தான். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மாமனாருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. ரொம்ப வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுவார். இடது கன்னத்தின் உள்ளே புண் வந்து ஆறவே இல்லை, சதை எடுத்து டெஸ்ட் பண்ணியதில் கேன்சர் என்று வந்துவிட்டது. முதலில் ஆபரேஷன், அப்புறம் கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கீழ்த்தாடையில் ஐந்து பல்லை எடுக்க வேண்டும் என்கிறார். வீட்டில் பெரியவர்களோ, கேன்சர் இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் உடம்பெல்லாம் பரவிவிடும், முதலில் உயிரைப் பாருங்கள், பல்லை அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, முக்கூடல்

பல் டாக்டர் பேச்சைக் கேளுங்கள் தங்கச்சி. வீட்டுப் பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் "பல்லை அப்புறம் பார்க்கலாம்" என்பது மட்டும் இந்த நோயில் ஆகாது. கரண்ட் வைத்து முடித்த தாடையில் பல்லைப் பிடுங்குவது எங்களைப் போன்ற பல் டாக்டர்கள் ரொம்பவே பயப்படுகிற காரியம்.

ஏன் என்று சொல்கிறேன். வாய், தொண்டைப் பக்கத்துக் கேன்சருக்கு வழக்கமாக 60 முதல் 70 கிரே (கதிரை அளக்கிற அலகு) வரை கதிர்வீச்சு கொடுப்பார்கள், வாரத்துக்கு 5 நாள் வீதம் ஆறேழு வாரம் ஓடும். கேன்சரைக் கொல்லுகிற அதே கதிர்கள் பக்கத்தில் இருக்கிற தாடை எலும்பு வழியாகவும் போகின்றன, அங்கே இருக்கிற பொடி ரத்தக் குழாய்கள் சுருங்கி அடைத்துப் போகின்றன, எலும்பைப் புதுப்பிக்கிற செல்களும் செத்துப் போகின்றன. மேல்தாடையை விடக் கீழ்த்தாடைக்கு ரத்த ஓட்டம் முன்னமே குறைவு, அதனால் பாதிப்பு அங்கேதான் அதிகம். பல் இருக்கிற வரைக்கும் எலும்பு எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி மூட ரத்தம் வேண்டும் அல்லவா, அது வராது. எலும்பு வெளியே தெரியும், சீழ் பிடிக்கும், சிலருக்குக் கன்னத்தையோ தாடைக்குக் கீழே தோலையோ துளைத்துக்கொண்டு சீழ் வடியும், கடைசியில் தாடை எலும்பே ஒடிந்துபோகிற நிலைமையும் உண்டு. எல்லாருக்கும் இப்படி ஆகிவிடாது. ஆனால் ஆனவர்கள் கேன்சரிலிருந்து தப்பித்தும் சாப்பிட முடியாமல் வருஷக்கணக்கில் படுகிற பாட்டைப் பார்த்திருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களே முதலில் பல் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பார்கள்.

அதனால்தான் கெட்டுப்போன பல்லை முன்னாலேயே எடுத்து, கரண்ட் தொடங்குவதற்குள் புண் ஆறக் குறைந்தது 14 நாள், முடிந்தால் 21 நாள் இடைவெளி விடுகிறோம். உங்கள் மாமனாருக்கு ஆபரேஷன் முதலில் என்பது இதில் ஒரு வசதி. கேன்சர் சர்ஜனும் பல் டாக்டரும் பேசிக்கொண்டால், ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போதே அந்த ஐந்து பல்லையும் எடுத்துவிடலாம், தனியாக ஊசி, தனியாக வலி, தனியாக ஒரு அலைச்சல் எதுவும் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து பொதுவாக ஆறு வாரத்துக்குள் கரண்ட் ஆரம்பிக்கப் பார்ப்பார்கள், அதற்குள் பல் எடுத்த குழியும் மூடிவிடும். இப்படிச் செய்யலாமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நிறைய இடங்களில் இரண்டு டாக்டர்களும் வேறு வேறு ஆஸ்பத்திரியில் இருப்பதால் யாரும் இதை யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பல்லைப் பிடுங்கினால் கேன்சர் பரவும் என்கிற பயம் நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. புண்ணுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கிற சொத்தைப் பல்லை எடுப்பதால் கேன்சர் பரவாது, இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, கேன்சர் புண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு ஆடுகிற பல் இருந்தால் அதை மட்டும் பல் கிளினிக்கில் வைத்துப் பிடுங்கக் கூடாது, அது ஆபரேஷனில் புண்ணோடு சேர்ந்து வெளியே வர வேண்டியது. உங்கள் பல் டாக்டர் சொன்ன ஐந்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து பல் ஜாஸ்தியோ என்று தோன்றலாம். ஒரு காலத்தில் கரண்ட் வைக்கப் போகிறவர்களுக்கு இருக்கிற எல்லாப் பல்லையும் எடுத்துவிடுவார்கள், இப்போது அப்படி இல்லை. வேர் வரை சொத்தை போனது, வேர் நுனியில் சீழ் கட்டியது, ஈறு கரைந்து ஆடுவது, ஒடிந்து வேர் மட்டும் நிற்பது, பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் கிடக்கிற கடைசிக் கடைவாய்ப் பல், இந்த மாதிரி இன்னும் சில வருஷம்கூடத் தாங்காது என்று தெரிகிற பற்களைத்தான் எடுக்கிறோம், அதிலும் கதிர் விழப்போகிற பக்கம் என்றால் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்போம். நல்ல பல்லை யாரும் தொடமாட்டார்கள். சின்னச் சொத்தையை அடைத்துவிடுவார்கள், காரையைச் சுத்தம் செய்வார்கள், நாக்கையோ கன்னத்தையோ கிழிக்கிற கூர்மையான விளிம்பு இருந்தால் ராவிவிடுவார்கள்.

பல் டாக்டரிடம் போகும்போது வெறும் கையோடு போகாமல், டெஸ்ட் ரிப்போர்ட், ஸ்கேன், கேன்சர் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் கரண்ட், எவ்வளவு, எந்தத் தேதியில் தொடங்குகிறது, இந்த மூன்றும் எங்களுக்குத் தெரிய வேண்டும். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நோய் வேகமாக இருக்கிறது, மூன்று வாரம் பொறுக்க முடியாது என்று கேன்சர் டாக்டர் சொன்னால் அவர் சொல்வதுதான் சட்டம். அப்போது கிடைக்கிற நாலு நாளில் எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்வோம். பல்லுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள் என்று எந்தப் பல் டாக்டரும் சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் மாமனாரிடம் சொல்லுங்கள், புகையிலையை இன்றைக்கே விட வேண்டும். ஆபரேஷன் வரைக்கும் ஒன்றிரண்டு போட்டுக்கொள்ளலாம் என்கிற பேச்சு வேண்டாம். சிகிச்சை நடக்கும்போது புகையிலை போட்டாலோ பீடி குடித்தாலோ புண் ஆறுவது தள்ளிப்போகும், எலும்பு கெடுகிற ஆபத்தும் கூடும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் பீடிச் சுற்றுதான் பல வீடுகளுக்குச் சோறு, புகையிலை வீட்டு முற்றத்திலேயே கிடக்கும், அதை வைத்துக்கொண்டு விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் கண்ணில் படாமல் வைப்பதற்கு வீட்டில் இருக்கிற நீங்கள்தான் உதவ வேண்டும் என்கிறேன்.

எனக்கு மார்பகத்தில் கேன்சர். கீமோ தொடங்கப் போகிறார்கள். வாயில் எனக்கு எந்த நோயும் இல்லை. என்னை எதற்குப் பல் டாக்டரிடம் போய் வரச் சொல்கிறார்கள்?
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

டீச்சர், மார்புக்குக் கரண்ட் வைத்தால் அது வாயைத் தொடாது, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். கீமோ கதை வேறு. மருந்து ஏற்றி ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் கீழே இறங்கும். சாதாரண நாளில் வலிக்காமல் சும்மா கிடக்கிற ஒரு சீழ்ப் பல், அந்த நேரத்தில் பெரிய காய்ச்சலாகக் கிளம்பி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும், அடுத்த கீமோவும் தள்ளிப்போகும். அதனால் பல்லை எடுக்க வேண்டியிருந்தால் முதல் கீமோவுக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னாலேயே எடுத்துவிடுவது நல்லது. நடுவில் அவசரம் வந்தால் அடுத்த சுற்றுக்குச் சற்று முன்னால், அணுக்கள் மேலே ஏறியிருக்கிற நாளாகப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் கை வைப்போம். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் 50,000க்கு மேலும், நோயை எதிர்க்கிற நியூட்ரோஃபில் 1,000க்கு மேலும் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உங்கள் கேன்சர் டாக்டரிடம் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: எலும்புக்கு ஊசி போடுவீர்களா? ஸோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் என்று இரண்டு மருந்துகள் உண்டு. மார்பகக் கேன்சரில் பலருக்குப் போடுகிறார்கள், நோய் எலும்புக்குப் போனவர்களுக்கு மாதா மாதம்கூடப் போடுவார்கள். நல்ல மருந்துகள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் சிலருக்குக் குழி மூடாமல் தாடை எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. இந்த வகை ஊசியால் இப்படி ஆகிறது என்று மருத்துவ உலகம் கவனித்ததே 2003இல்தான், அதனால் எல்லா டாக்டரும் எல்லா நோயாளியிடமும் இதைச் சொல்லிவிடுகிறார்கள் என்று நம்ப முடியாது. ஊசி தொடங்கும் முன் பல்லைச் சரிபண்ணிவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

டாக்டர் அம்மா, எனக்குத் தொண்டையில் கேன்சர் வந்து கரண்ட் வைத்துச் சரியாகி சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி ராத்திரித் தூக்கம் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் உட்காருங்கள், பத்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு என்னவோ பயமாக இருந்தது, எழுந்து வந்துவிட்டேன். சரியா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

ரொம்பச் சரி அண்ணாச்சி. கரண்ட் வைத்த விஷயத்தை அவர்களிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை, முகத்தைப் பார்த்து எல்லாருக்கும் கண்டுபிடிக்க வராது. இனிமேல் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வருஷம் பத்து ஆனாலும் இருபது ஆனாலும் அந்த எலும்பு பழைய எலும்பு ஆவதில்லை, அதனால் நாளாகிவிட்டது என்று தைரியப்பட வேண்டாம்.

உங்கள் பல்லைப் பிடுங்காமலே வலியை நிறுத்த முடியும். வேர் சிகிச்சை செய்து, அதாவது பல்லுக்குள் இருக்கிற அழுகின நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் வலி போய்விடும். பல்லின் மேல் பாதி மிஞ்சாத அளவுக்குக் கரைந்திருந்தால், மேல் பக்கத்தை ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு வேரை உள்ளேயே அடைத்து விட்டுவிடலாம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் எலும்பைத் தொடவில்லை. பிடுங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், உங்களுக்குக் கரண்ட் வைத்த ஆஸ்பத்திரியில் பழைய ரெக்கார்டைக் கேட்டு அந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் போயிருக்கிறது என்று பார்த்து, வாய் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் செய்ய வேண்டும். பத்து நிமிஷ வேலை இல்லை அது.

என் ஆச்சிக்கு நாக்கில் கேன்சர். கரண்ட் வைத்து மூன்றாவது வாரம். வாயெல்லாம் புண், எச்சிலே ஊறவில்லை என்கிறார்கள். தொண்டை காய்கிறது என்று எந்நேரமும் பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு பேரன், களக்காடு

பனங்கற்கண்டை நிறுத்திவிடுங்கள் தம்பி, கருப்பட்டி மிட்டாயையும். இருமலுக்கும் தொண்டைக்கும் அதுதான் கைமருந்து என்று நம் வீடுகளில் வளர்ந்திருக்கிறோம், அதனால் ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல்லைச் சொத்தையிலிருந்து காப்பது எச்சில்தான். கன்னத்து எச்சில் சுரப்பிகளைக் கதிர் தொட்டுவிட்டதால் இப்போது அந்தக் காவல் இல்லை. எச்சில் இல்லாத வாயில் நாள் முழுக்க இனிப்பு ஊறினால், சில மாதத்திலேயே ஈறு ஓரமாகப் பல்லைச் சுற்றிச் சொத்தை பிடித்து, பல் அப்படியே ஒடிந்து விழும். அப்புறம் அந்த வேரைப் பிடுங்கவும் முடியாது, அம்பாசமுத்திரத்து அண்ணாச்சிக்குச் சொன்னதுதான் ஆச்சிக்கும்.

கற்கண்டுக்குப் பதிலாகத் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் கையிலேயே கொடுத்து, ஒரு வாய், ஒரு வாயாக நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவும் கலந்து, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளித்துத் துப்பட்டும், விழுங்க வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கிற எரிகிற மாதிரியான மவுத்வாஷில் ஆல்கஹால் இருக்கும், அது இந்தப் புண்ணுக்கு ஆகவே ஆகாது. உமிக்கரி, பல்பொடி, வேப்பங்குச்சி எல்லாவற்றையும் கொஞ்ச காலம் ஒதுக்கிவிட்டு, குழந்தைகளுக்கு விற்கிற மெத்தென்ற பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து, ஃப்ளோரைடு இருக்கிற பேஸ்ட்டை மிளகளவு வைத்துத் தேய்க்கட்டும். பல் செட் போடுகிறவர் என்றால் புண் ஆறும்வரை கழற்றி வைத்துவிடுங்கள்.

புண்ணைப் பொறுத்தவரை, அது இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்து, கரண்ட் முடிந்து ஒரு மாதம் போல ஆகும் ஆறுவதற்கு. வலிக்கு மரத்துப்போகிற மருந்து, மாத்திரை எல்லாம் உண்டு, பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொடுங்கள். சாப்பாட்டில் காரம், புளி, எலுமிச்சை, சூடு இவை கூடாது. நம் சொதியை இஞ்சியும் மிளகாயும் இல்லாமல் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் மட்டும் போட்டு வைத்து, குழைந்த சோற்றில் ஊற்றி மசித்து ஆறவைத்துக் கொடுங்கள், ஆச்சிக்கு இறங்கும். எடை குறைந்துகொண்டே வந்தால் மூக்கு வழியாகக் குழாய் வைக்கலாமா என்று டாக்டர் கேட்பார், பயந்து மறுக்காதீர்கள், அது தற்காலிகம்தான்.

இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. ஆச்சியின் பல் அளவுக்கு மெல்லிய ட்ரே ஒன்றைப் பல் டாக்டரிடம் செய்துகொண்டு, அதில் ஃப்ளோரைடு ஜெல்லை வைத்துத் தினமும் ஐந்து நிமிஷம் மாட்டிக்கொள்ள வேண்டும், பல் இருக்கிற காலம் வரைக்கும். புண் இருக்கும்போது எரிந்தால் அந்த நாட்களை மட்டும் விட்டுவிடலாம். அப்புறம் வாய் திறக்கிற பயிற்சி. கரண்ட் வைத்தவர்களுக்குத் தாடைத் தசை இறுகி, மாதங்கள் போகப் போக வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். நெட்டாக அடுக்கிய மூன்று விரல் வாய்க்குள் போகிறதா என்று வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளைக் கட்டாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்து, ஒவ்வொரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போகிற பயிற்சியைப் பிசியோதெரபிக்காரர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு தடவை இறுகிப்போன வாயைத் திரும்பத் திறக்க வைப்பது ரொம்பக் கஷ்டம்.

கேன்சர் செலவுக்கே வழியில்லை, இதில் பல்லுக்கு வேறு செலவா?
– ஒரு வாசகர், நாங்குநேரி

கோபம் புரிகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவும் இருக்கிறது, பல் பிரிவும் இருக்கிறது. கேன்சர் டாக்டரிடம் "பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுங்கள்" என்று கேட்டால் போதும், பல் எடுப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் தனியார் கிளினிக் போல அங்கே கேட்கமாட்டார்கள். கேன்சர் ஆபரேஷன், கீமோ, கரண்ட் மூன்றும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் கேளுங்கள். ஃப்ளோரைடு ஜெல்லுக்கும் ட்ரேக்கும் கைக்காசு கொஞ்சம் ஆகலாம். அதற்கும் முடியாதென்றால், கரண்ட் தொடங்கும் முன் கெட்ட பல்லை எடுப்பதையும் உப்பு சோடாத் தண்ணீரையும் மட்டுமாவது விடாதீர்கள், இரண்டுக்கும் காசு கிட்டத்தட்ட இல்லை. வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும், காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.